ஏலாக்குறிச்சியில் இருந்துவிட்டு வந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தாங்கமாட்டாத சங்கடம் வந்தால், பெரியவர்கள் சொல்லும் வழி ஒன்று உண்டு. "ஏலாக்குறிச்சிக்குப் போயி நாலு நாளு இருந்துட்டு வாங்க." பிள்ளைக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நம்பியவர்கள், குடித்துச் சீரழிந்த புருஷனோடு வாழமுடியாமல் கிளம்பியவர்கள், வைத்தியர் கைவிரித்த நோயாளியை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் அல்ல. நாங்களும் அல்ல.

திருமானூர் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. என் அப்பாயிக்குக் கோயில் என்றால் இரண்டு. ஒன்று திருமழபாடி வைத்தியநாதசாமி கோயில். பங்குனியில் அங்கே நந்தி கல்யாணம் நடக்கும். 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்று சொல்லிக்கொண்டு, கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளெல்லாம் கிளம்பிவிடும். இன்னொன்று ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில். அங்கே ஒரு தேங்காய் விளக்கு, இங்கே ஒரு கட்டு மெழுகுவத்தி. இரண்டுக்கும் நடுவே எந்த முரணும் அவர் மனத்தில் இருந்ததில்லை.

அத்தையை அங்கே கூட்டிப்போன கதையைச் சொல்கிறேன். அப்போது நான் சின்னப் பையன். அத்தைக்குப் பிறந்த குழந்தை சில நாட்களிலேயே போய்விட்டது. புகுந்த வீட்டார் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு அவளை எங்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். வந்தவள் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்; பதில் வராது. தலையில் யாரையும் கைவைக்க விடமாட்டாள். முடி சடை பிடித்துவிட்டது. மந்திரித்துப் பார்த்தார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் அப்பாயி அரிசி, பருப்பு, ஒரு சட்டி, இரண்டு பாய் எடுத்துக்கொண்டு என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஏலாக்குறிச்சிக்குப் புறப்பட்டார்.

கோயிலைச் சுற்றி ஜனங்கள் தங்கியிருந்தார்கள். கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள். எங்கள் பாயை ஒட்டி ஒரு அம்மா. கால் விளங்காத மகனோடு வந்திருந்தார். முதல் நாள் அப்பாயியும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்ததிலேயே அப்பாயிக்கு விவரம் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் அந்த அம்மாவின் சனங்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார மாட்டார்கள், உட்கார விட்டதில்லை.

மறுநாள் மத்தியானம் நான் விழித்துப் பார்த்தபோது, அந்த அம்மா அத்தைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கையில் பேன்சீப்பு. தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, சடைபிடித்த முடியை ஒரு விரல் அகலமாகப் பிரித்து, நுனியிலிருந்து மேலே மேலே சீவிக்கொண்டிருந்தார். வலித்திருக்கும். அத்தை தட்டிவிடவில்லை. பெற்ற தாயை அண்டவிடாதவள், முன்பின் தெரியாத ஒருத்தியின் மடிக்குத் தலையைக் கொடுத்துவிட்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீவி முடித்துப் பின்னலும் போட்டுவிட்டு, அந்த அம்மா தன் சட்டியிலிருந்து கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார். அத்தை குடித்தாள். குடித்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "உப்பு பத்தல."

அப்பாயி அழுதார், சிரித்தார், மாதாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு அதே சட்டியிலிருந்து தனக்கும் கஞ்சி ஊற்றச் சொல்லி வாங்கிக் குடித்தார். ஊரில் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

இது அதிசயமா, வைத்தியமா என்று நான் ஆராயப்போவதில்லை. துக்கத்தில் வாயடைத்துப்போன ஒருத்தியை ஒரு கையும் ஒரு வாய்க் கஞ்சியும் திரும்பக் கொண்டுவந்ததை நான் கண்ணால் பார்த்தேன். உயிர்த்தெழுதல் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதைப் பிற்பாடு புத்தகங்களில் எத்தனையோ விதமாகப் படித்தேன். எனக்கு அது புரிய ஆரம்பித்தது அந்தப் பாயில்தான்.

ஏலாக்குறிச்சியின் பழங்கதையே ஓடிவந்தவர்களின் கதை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை மராத்தியர் ஆட்சி. 1701-இல் ஷாஜி மன்னர் காலத்தில் அங்கே கிறிஸ்தவர்கள் கடும் கெடுபிடிக்கு ஆளானார்கள். ஆற்றுக்கு வடக்கே அரியலூர் மழவராயர்களின் பாளையம். தெற்கே இருக்க வழியில்லாதவர்கள் ஆற்றைத் தாண்டினார்கள். வடகரை அவர்களை ஏற்றுக்கொண்டது. அப்படி ஏற்றுக்கொண்ட மண்ணில்தான் 1680-இல் இத்தாலியில் பிறந்து, 1711 வாக்கில் தமிழகம் வந்த பெஸ்கி பாதிரியார், நாம் அறிந்த வீரமாமுனிவர், மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார்.

அரியலூர் அரசருக்கு ராஜபிளவை கண்டு எந்த மருந்துக்கும் ஆறாமல் இருந்ததாகவும், முனிவர் மாதாவை வேண்டி அதைக் குணப்படுத்தியதாகவும், அரசர் மனமுவந்து கோயிலுக்கு நிலம் கொடுத்ததாகவும் ஊரில் சொல்வார்கள். அப்பாயி இந்தக் கதையைச் சொல்லும்போது அரசரின் முதுகில் இருந்த கட்டியைத் தானே பார்த்ததுபோல வர்ணிப்பார். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது இதுதான்: அரசர் மதம் மாறவில்லை. முனிவரும் அதைக் கேட்டதாகக் கதை சொல்லவில்லை. அரசர் வந்தவனுக்கு இடம் கொடுத்தவர். நோய் வந்தபோது வந்தவனிடம் போய் நின்றார். அவ்வளவுதான்.

தமிழாசிரியனாக ஆன பிறகுதான் தேம்பாவணியை முழுதாக வாசித்தேன். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். கம்பனும் திருத்தக்கதேவரும் போட்ட பாதையில் ஒரு இத்தாலியர் நடந்துபோன தடம். காப்பியத்தின் நாயகர் இயேசு அல்ல, வளன். அதாவது சூசையப்பர். இதை வெறும் தகவலாகத்தான் பரீட்சைக்குப் படித்திருந்தேன். ஆற அமர வாசித்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. வளன் யார்? தான் பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டவர். நிறைமாத மனைவியை வைத்துக்கொண்டு பெத்லகேமில் வீடு வீடாக இடம் கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பியவர். அரசன் பிள்ளையைக் கொல்லத் தேடுகிறான் என்று அறிந்து ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓடிய அகதி.

காவியம் பாட எத்தனையோ வீரர்கள் இருக்க, முனிவர் இந்தத் தச்சரைத் தேர்ந்தெடுத்தார். அடைக்கலம் தேடியவர்களின் நடுவே வாழ்ந்தவர், பிறந்த மண்ணுக்குத் திரும்பாமலே 1747-இல் கேரளத்து அம்பலக்காட்டில் கண்மூடியவர், அடைக்கலம் தேடியவரையும் கொடுத்தவரையும் ஒரே ஆளாகப் பாடியதில் ஆச்சரியமில்லை. தமிழும் அவருக்கு ஒரு வீடுதான். அந்த வீட்டுக்கு அவர் கொடுத்த வாடகை சதுரகராதி, தொன்னூல் விளக்கம் என்று இன்றும் நம் கையில் இருக்கிறது.

பெரம்பலூர்ப் பக்கத்தில் நான் வேலைபார்த்த பள்ளியில், 2019-இல் வந்த புதிய பத்தாம் வகுப்புப் பாடநூலில் தேம்பாவணிப் பகுதி ஒன்று இருந்தது. கருணையன் தன் தாய் எலிசபெத்தைக் காட்டில் அடக்கம் செய்துவிட்டுப் புலம்பும் இடம். கருணையன் என்றால் திருமுழுக்கு யோவான். தாய் போன பிறகு காட்டில் தனியாக நிற்கும் பிள்ளையோடு சேர்ந்து மலர்களும் பறவைகளும் அழுகின்றன.

வகுப்பில் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். சின்ன வெங்காயம் நடவு நடக்கும் காலத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த ஒரு மாணவி அந்த ஆண்டில்தான் தாயை இழந்திருந்தாள். பாட்டை யார் வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் எழுந்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்து, அவள் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன். சீர் பிரித்து, ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தாள். முடித்துவிட்டு உட்காரவில்லை. "ஐயா, இவரு அழுதது தப்பில்லைதானே? எங்க வீட்டுல அழக்கூடாதுன்னு சொல்றாங்க" என்றாள். தப்பில்லை என்றேன். இயேசுவே தன் நண்பன் லாசருவுக்காக அழுதார் என்று விவிலியம் சொல்வதைச் சொன்னேன். சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறவர், எழுப்புவதற்கு முன்னால் அழுதார்.

அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதிலை நானே பலநாள் யோசித்திருக்கிறேன். துயரத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு வரும் நம்பிக்கை ஒன்று உண்டு. அதில் எனக்குப் பிடிப்பில்லை. சாவை வெல்ல வந்தவர் முதலில் அழுகிறவர்களோடு உட்கார்ந்தார் என்பதால்தான் அந்தக் கதை மற்ற மதத்துப் பிள்ளைக்கும் கைகொடுக்கிறது. இத்தாலியில் பிறந்தவர் கொள்ளிடக் கரையில் எழுதியது, ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கழித்து ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு அழ அனுமதி கொடுத்தது. இலக்கியம் வேறு என்ன செய்யவேண்டும்?

ஈஸ்டர் இரவை நான் முதலில் பார்த்தது ஆண்டிமடம் பக்கத்தில். முந்திரிக்காடுகளுக்கு நடுவே வரதராசன்பேட்டை, தென்னூர் என்று கத்தோலிக்கர் நிறைந்து வாழும் ஊர்கள் இருக்கிற பகுதி அது. அங்கே ஒரு சிற்றூரில் என் கல்லூரித் தோழனின் வீடு. பங்குனி வெயிலில் முந்திரிப் பழ வாசனை ஊரையே தூக்கிக்கொண்டு போகும். தோழனின் அம்மா கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர். முந்திரித் தோட்டின் பால் பட்டுப் பட்டு விரல்நுனித் தோல் உரிந்து கறுத்துப்போயிருக்கும். வேலைக்கு உட்காரும்போது சாம்பலைக் கையில் பூசிக்கொள்வார்.

பெரிய வெள்ளியன்று ஊரே துக்க வீடுபோல இருந்தது. கோயில் மணி அடிக்கவில்லை. மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிட்டார்கள். மத்தியானம் எல்லாருக்கும் கஞ்சி. சனிக்கிழமை நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் கோயிலின் எல்லா விளக்கையும் அணைத்தார்கள். வெளியே புது நெருப்பு மூட்டி, பாஸ்கா மெழுகுதிரியை அதில் ஏற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். ஒரு திரியிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து பக்கத்தில் நிற்பவருக்கு. என் கையிலும் ஒன்று கொடுத்தார்கள். நீ யார், உனக்கு ஞானஸ்நானம் ஆயிற்றா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கியதும் இரண்டு நாளாக ஊமையாய் இருந்த மணிகள் ஒன்றாக அடித்தன. திரை விழுந்தது. கொடி பிடித்த உயிர்த்த ஆண்டவர் சுரூபம் மேலே தெரிந்தது. வெளியே வேட்டு. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் வீறிட்டு அழுதன.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், தோழனின் அம்மாவைக் காணோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோயில் வாசலில் பலூன் விற்கிறவர். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. கடையைக் கட்டிவிட்டுப் புளியமரத்தடியில் துண்டை விரித்துக்கொண்டிருந்தவரை எழுப்பிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் திண்ணையிலேயே தட்டை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அம்மா விடவில்லை. "உள்ள வாங்க பெரியவரே. எங்க வூட்டுல பெருநாளு. வெளிய ஒக்காந்து சாப்பிட்டா எங்களுக்குத்தான் குத்தம்." முதல் இலை அவருக்குத்தான் போட்டார். அவருக்குப் பிறகுதான் பெற்ற பிள்ளைக்கும், விருந்தாளியான எனக்கும்.

சாப்பிட்டு அவர் தூங்கப் போன பிறகு, நான் கேட்காமலே தோழனின் அம்மா ஒரு கதை சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பூசையில் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏறிய கதை. ஆண்டவர் செத்துப்போனார் என்று மனம் உடைந்து எம்மாவு என்ற ஊருக்கு இரண்டு சீடர்கள் நடந்துபோகிறார்கள். வழியில் ஒரு ஆள் சேர்ந்துகொள்கிறார். நெடுந்தூரம் பேசிக்கொண்டே வருகிறார்கள். அவர் யாரென்று தெரியவில்லை. ஊர் வந்ததும் அவர் தன்வழியே போகப் பார்க்கிறார். இருட்டிவிட்டது, எங்களோடு தங்குங்கள் என்று இவர்கள் வற்புறுத்துகிறார்கள். சாப்பிட உட்கார்ந்து அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் இவர்களுக்குக் கண் திறக்கிறது. "பேசறப்ப தெரியல தம்பி. நடக்கறப்பவும் தெரியல. சோறு போட்டப்பதான் தெரிஞ்சுது. அவங்க கூப்புடாம வுட்டிருந்தா அவரு பாட்டுக்குப் போயிருப்பாரு."

பிற்பாடு நற்செய்தி நூல்களை நானே வாசித்தபோது அந்த அம்மா சொன்னது எவ்வளவு கூர்மையானது என்று விளங்கியது. உயிர்த்த இயேசு எங்கும் அரசராகப் பரிவாரத்தோடு வருவதில்லை. மகதலா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். எம்மாவு வழியில் அவர் பெயர் தெரியாத வழிப்போக்கர். திபேரியாக் கடற்கரையில் விடியற்காலையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர். பிலாத்துவிடமோ தலைமைக் குருவிடமோ போய், பார்த்தீர்களா என்று நிற்கவில்லை. தோட்டக்காரராக, வழிப்போக்கராக, மீன் சுடுகிறவராக வந்தார். அவர்களை மதிக்கத் தெரிந்தவர்களுக்கே அவர் உயிரோடு இருப்பது தெரிந்தது.

இந்தக் கதைகள் எங்கள் ஊருக்கு விவிலியத்தின் வழியாக மட்டும் வரவில்லை. டெண்டுக் கொட்டகையில் மறுபடி மறுபடி ஓடிய பழைய படங்களில் ஒன்று 'ஏழை படும் பாடு'. விக்டர் ஹ்யூகோ 1862-இல் எழுதிய நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்க, 1950-இல் அது நாகையா நடிக்கப் படமானது. இரக்கமில்லாத இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமன் பிறகு வாழ்நாள் முழுக்க ஜாவர் சீதாராமனாகவே அறியப்பட்டார். மணலைக் குவித்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஹ்யூகோ யாரென்று தெரியாது. ஆனால் சிறையிலிருந்து வந்தவனுக்கு எந்த வீட்டிலும் சோறு கிடைக்காதபோது ஒரு பெரியவர் கதவு திறந்ததையும், அவர் வீட்டு வெள்ளிச் சாமானைத் திருடிக்கொண்டு ஓடியவனைப் போலீஸ் பிடித்து வந்தபோது, நான்தான் கொடுத்தேன் என்று அவர் சொன்னதையும் வருஷக்கணக்கில் பேசினார்கள். நாவலில் அந்தப் பெரியவர் ஓர் ஆயர்; தன் வீட்டுக் கதவின் பூட்டையும் தாழ்ப்பாளையும் முன்பே கழற்றிவிட்டிருப்பார். அந்த மனிதனின் மறுபிறப்பு அந்தக் கதவிலிருந்து தொடங்குகிறது.

பெரம்பலூரில் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வண்டி வந்து நின்ற ஒருநாள் டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' வாங்கினேன். ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பு. ஒரு பணக்காரன் ஜூரியாக நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறான். குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் தான் முன்பு கெடுத்துக் கைவிட்ட பெண் என்று அறிகிறான். அவளைத் தொடர்ந்து சைபீரியாவரை போகிறான். ஆனால் அந்த நாவலின் இன்னொரு பாதி புத்தகத்துக்கு வெளியே நடந்தது. ஆயுதம் ஏந்தமாட்டோம் என்று மறுத்ததற்காக ரஷ்ய அரசு வதைத்த துகோபார் என்ற கிறிஸ்தவக் குடியானவர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. 1899-இல் வெளிவந்த அந்த நாவலின் வருமானத்தை டால்ஸ்டாய் அவர்களுக்காகக் கொடுத்தார். அந்த ஆண்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறிக் கனடாவில் குடியேறினார்கள். உயிர்த்தெழுதலைப் பெயராகக் கொண்ட புத்தகம் ஒரு கூட்டத்துக்குக் குடியிருக்க நிலம் தேடிக்கொடுத்தது. அதற்கு மேல் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நம் மண்ணில் கண்ணெதிரே இருப்பதைச் சொல்லாமல் போனால் இந்தக் கதைகளுக்கே துரோகம். திருச்சி மேலப்புதூரில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் ஒன்றின் நடுவே சுவர் எழுப்பப்பட்டது. தலித் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். அதே மாவட்டத்துக் கோட்டப்பாளையத்தில், கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்கு ஒன்றில், திருவிழாவிலும் கல்லறையிலும் தங்களைச் சமமாக நடத்துவதில்லை என்று தலித் கிறிஸ்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது உச்ச நீதிமன்றம்வரை போய், 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அந்தக் கோயில் மகதலா மரியாளின் பெயரால் நிற்பது. உயிர்த்தவரை முதலில் கண்டவள் அவள். கண்ட செய்தியைச் சொன்னபோது அவள் பேச்சை யாரும் நம்பவில்லை. அவள் கோயிலில், எங்கள் பேச்சைக் கேளுங்கள் என்று சொல்லி ஒரு கூட்டம் நிற்கவேண்டியிருப்பது எவ்வளவு பெரிய வேதனை!

கடைசி நாளில் எல்லாரும் எழுவார்கள் என்று நம்புகிறவர்கள் புதைகுழியில் சுவர் வைக்கலாமா? இதை வெளியிலிருந்து ஏளனமாகக் கேட்கவில்லை. எங்கள் தெருவும் எங்கள் சுடுகாடும் பிரிந்துதான் கிடக்கின்றன. அந்தப் பிரிவினையைக் கிறிஸ்தவம் கொண்டுவரவில்லை. நாம்தான் அதன் உள்ளேயும் கொண்டுபோய் வைத்தோம். ஆனால் அதை உடைக்கும் கதை அவர்களிடம் இருக்கிறது. அதனால்தான் அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். ஏலாக்குறிச்சியில் ஒரு சட்டிக் கஞ்சி உடைத்த சுவர் அது. அங்கிருந்து திரும்பிய பிறகு, கால் விளங்காத மகனின் தாய் ஒருநாள் எங்கள் ஊர்வழியே போனபோது, அப்பாயி அவரைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். தெருவில் பேச்சு கிளம்பியது. "எம் பொண்ணுக்கு உசுரு குடுத்தவ" என்ற ஒரே பதிலோடு அப்பாயி அதை முடித்துவிட்டார்.

2020-இல் மே மாதத் தொடக்கத்தில் இதே சோதனை வேறு உருவில் வந்தது. சென்னைக் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கியும் காய்கறி ஏற்றியும் பிழைத்த நம் பக்கத்துப் பிள்ளைகள், தொற்று பரவியதும் லாரியிலும் இருசக்கர வண்டியிலும் ஊர் திரும்பினார்கள். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. அதுவரை அவர்கள் அனுப்பிய பணத்தில் கோயில் திருவிழா நடத்திய ஊர்கள், எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டன. எங்கள் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சில பையன்களைத் தனியாக வைத்திருந்தார்கள். பெற்றவர்களே சுவருக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பள்ளியில் சத்துணவு சமைக்கிற அம்மா ஒருவர், விடுமுறைக் காலமானாலும், யாரும் சொல்லாமலே காலையில் வந்து அடுப்பைப் பற்றவைத்தார். மிளகு ரசம், சோறு, ஒரு பொரியல். முகத்தில் முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு அறை வாசலிலும் வைத்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இன்னார் மகனே, எழுந்து வா, சூடாக இருக்கிறது. பயமில்லையா என்று கேட்டேன். "பயந்தான் சார். ஆனா இதுவ எல்லாம் நான் சோறு போட்டு வளந்ததுவ" என்றார். அவர் கிறிஸ்தவர் அல்ல. எம்மாவுக் கதை அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்தப் பையன்களில் ஒருவன் குணமாகி வந்து என்னிடம் சொன்னான்: "ஊருக்குள்ள நான் செத்துப்போனவன் மாதிரி இருந்தேன் சார். அந்த ஆயா பேர் சொல்லிக் கூப்பிட்டப்பதான் இருக்கோம்னு நெனப்பு வந்துது." கல்லறைத் தோட்டத்தில் மரியாளும் அவரைத் தெரிந்துகொண்டது அவர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான்.

ஈஸ்டருக்கு வாழ்த்துச் சொல்லப் போகும்போது நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு, உயிர்த்தெழுதலை நம்புகிறீர்களா ஐயா என்று. கல்லறை வாசலிலிருந்து புரட்டப்பட்ட கல்லைப் பற்றி வழக்காட எனக்குத் தகுதியில்லை. அது அவர்களின் விசுவாசம். அதன் முன் கைகூப்புகிறேன். ஆனால் ஒன்றை உறுதியாக நம்புகிறேன். ஒதுக்கி வைக்கப்பட்டவனுக்கு முதல் இலை போடுகிற வீட்டில், செத்தவன் என்று ஊர் தள்ளிவைத்தவன் எழுந்து உட்காருகிறான். முந்திரிக்கொட்டை உடைத்த அந்த அம்மாவின் வீட்டில் பார்த்திருக்கிறேன், ஏலாக்குறிச்சிப் பாயில் பார்த்திருக்கிறேன். ஆகவே கோயிலோ, வீடோ, பள்ளிக்கூடமோ, எதுவானாலும் அங்கே உயிர்ப்பு இருக்கிறதா என்று அறிய நான் பீடத்தைப் பார்ப்பதில்லை. வாசலில் யாரை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். அப்படி யாராவது நிற்கிறார்களென்றால், அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைப்பதுதான் முதல் வேலை. அல்லேலூயா பாடுவது அதற்குப் பிறகு.